தங்கல் போகும் லாஞ்சில் ஒரு பேட்டரி மட்டும் ஏன் சீக்கிரம் போகிறது?

காசிமேடு லாஞ்சு – ஏப்ரல் 19, இரவு 8.50

தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும். அதுக்குள்ள கரண்ட் வேலையை முடிச்சாகணும். செவுள் வலை லாஞ்சு, பத்து நாள் கடல்லயே தங்கல், ராத்திரி இஞ்சின் நிறுத்திட்டு வலையோட மிதக்கிற தொழில். செல்ஃப் (இஞ்சினைக் கிளப்பற மோட்டார்) 24 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர் மணி) லாரி பேட்டரி ரெண்டு சீரியஸ்ல இருக்கு. வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ (ஆழம் பாக்கற கருவி), லைட், ஃபேன் எல்லாம் 12 வோல்ட், அது கீழ் பேட்டரியில (நெகட்டிவ் பக்கம் இருக்கிறது) இருந்து மட்டும் போகுது.

மேல் பேட்டரி தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கு. கீழ் பேட்டரி சீசன் தாங்கறதில்ல. விடியக்காலைல மைக்கை அழுத்தினா வயர்லெஸ் அணைஞ்சு திரும்ப எரியுது, ஆனா பேட்டரி மேல மீட்டர் வச்சா 12.2 காட்டுது. ரெண்டையும் 200 ஏஹெச்சா மாத்திடலாமான்னு ஓனர் கேக்குறாரு.

டைனமோ ராயபுரம் – ஏப்ரல் 19, இரவு 10.15

மாத்தாதீங்க. 200 போட்டாலும் அதே கதிதான், கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

சீரியஸ்ல ரெண்டு பேட்டரி இருந்தா டைனமோவுக்குத் தெரியறது மொத்த வோல்ட் மட்டும். கட் அவுட் (டைனமோ வோல்ட்டைக் கட்டுப்படுத்தறது) 28.4ல நிறுத்துதுன்னு வைங்க. ராத்திரி பூரா கீழ் பேட்டரியில இருந்து மட்டும் உறிஞ்சியிருக்கீங்க, அது பாதி காலி. மேல் பேட்டரி ஏற்கெனவே ஃபுல். ரெண்டு வழியாவும் ஒரே ஆம்பியர்தான் ஓடும். ஃபுல்லா இருக்கிறது வோல்ட்டைத் தூக்கும், காலியா இருக்கிறது கீழேயே நிக்கும். மேலே 15.0, கீழே 13.4. கூட்டினா 28.4, டைனமோவுக்குத் திருப்தி. மேலே இருக்கிறது கொதிச்சுத் தண்ணியைத் தள்ளுது, கீழே இருக்கிறது ஒரு நாளும் நிறையறதில்ல. நிறையாத பேட்டரியோட தகட்டுல சல்ஃபேட் கெட்டிப்படும். கெட்டிப்பட்டது பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது.

நாளைக்கு இஞ்சினை ஓடவிட்டு அரை மணி கழிச்சு ரெண்டு பேட்டரி மேலேயும் தனித்தனியா மீட்டர் வச்சுப் பாருங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா இதுதான் நோய்.

வயர்மேன் தண்டையார்பேட்டை – ஏப்ரல் 20, காலை 6.30

வயர்லெஸ் அணையறது தனிப் பிரச்சினை. ஒயர் என்ன ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்)? பேட்டரியில இருந்து வீல்ஹவுஸ் எவ்வளவு தூரம்?

காசிமேடு லாஞ்சு – ஏப்ரல் 20, மதியம் 1.05

மேலே 14.9, கீழே 13.5. டைனமோ அண்ணன் சொன்ன மாதிரியே இருக்கு. ஒயர் 1.5 ஸ்கொயர், வீட்டு ஒயர்தான். தூரம் ஏழு மீட்டர் இருக்கும்.

வயர்மேன் தண்டையார்பேட்டை – ஏப்ரல் 20, இரவு 9.20

அப்போ கணக்கு நேரா வருது. போக ஏழு, வர ஏழு, மொத்தம் 14 மீட்டர். செம்புக்கு மீட்டருக்கு 0.0175ஐ ஸ்கொயரால வகுக்கணும். 14 × 0.0175 ÷ 1.5 = 0.163 ஓம். 25 வாட் செட்டு மைக் அழுத்தும்போது 6 ஆம்பியர் வரை இழுக்கும். 6 × 0.163 = கிட்டத்தட்ட ஒரு வோல்ட். பேட்டரியில 12.2 இருந்தா செட்டுக்குக் கிடைக்கிறது 11.2. பெரும்பாலான செட்டுகளோட தகட்டுல 13.8 வோல்ட், கூட்டல் கழித்தல் 15 சதவீதம்னு போட்டிருக்கும். அதாவது 11.7க்குக் கீழே போனா செட்டு பொறுப்பில்லை. கேக்கும்போது அரை ஆம்பியர்கூட இழுக்காது, அதனால கேக்கறது நல்லா கேக்கும், பேசினா மட்டும் அணையும்.

6 ஸ்கொயர் போட்டா இழப்பு கால் வோல்ட்டுக்கு வந்துடும். ஈயம் பூசின செம்பு ஒயர் கிடைச்சா அதையே வாங்குங்க, சாதா செம்பு உப்புக்காத்துல இன்சுலேஷனுக்கு உள்ளேயே கருத்துப் போகும். முனையைச் சீவிப் பாத்தா தெரியும், பளபளன்னு இல்லாம காப்பிக் கலர்ல இருந்தா அந்த நீளம் பூரா தடை ஏறிப்போச்சு.

எப்பவும் மீட்டரைப் பேட்டரி மேல வைக்காதீங்க, செட்டுக்குப் பின்னாடி பிளக்ல வச்சு, மைக்கை அழுத்திக்கிட்டே பாருங்க. ஃபியூஸ் ஹோல்டரோட ரெண்டு பக்கமும் அதே மாதிரி வைங்க. நல்ல ஹோல்டர்ல அளக்க முடியாத அளவுதான் இருக்கும். 0.2 வோல்ட் காட்டினா ஹோல்டர் உள்ளே பச்சை பூத்திருக்கு, தூக்கிப் போடுங்க.

எண்ணூர் ஃபைபர் – ஏப்ரல் 22, மாலை 5.40

ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல ஈக்வலைசர்னு ஒரு பெட்டி வருது, 10 ஆம்பியர். அதைப் போட்டா சமமாயிடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். ஒயரிங்கைப் பிரிக்கவே வேணாம்.

டைனமோ ராயபுரம் – ஏப்ரல் 22, இரவு 11.00

சமமாகும், வாஸ்தவம். ஆனா இந்தத் தொழிலுக்கு ஆகாது. ஈக்வலைசர் என்ன செய்யும்? ராத்திரி கீழ் பேட்டரி இறங்க இறங்க மேல் பேட்டரியில இருந்து எடுத்துக் குடுக்கும். விடிஞ்சா ரெண்டுமே சமமா காலி. செல்ஃப் அடிக்க எதுவும் மிச்சமில்ல. நாப்பது கடல்மைல் தள்ளி இஞ்சின் கிளம்பலைன்னா மத்த கணக்கெல்லாம் வீண். ஒத்தாசைக்கு இன்னொரு லாஞ்சு வந்து பேட்டரி குடுக்கணும், அலை இருந்தா ரெண்டு படகையும் பக்கத்துல கட்டறதே ஆபத்து.

அதோட லாரி பேட்டரிக்குத் தகடு மெலிசு. ரெண்டு செகண்டு பெரிய ஆம்பியர் குடுத்துட்டு உடனே நிறைஞ்சுக்கற வேலைக்குச் செஞ்சது. ராத்திரி பூரா மெதுவா உறிஞ்சினா தகட்டுல இருக்கிற பசை உதிர்ந்து அடியில சேரும். சேர்ந்தது தகட்டைத் தொட்டா அந்த செல் ஷார்ட்.

நான் சொல்றது ஒண்ணுதான்: 24 செல்ஃபுக்கு மட்டும். 12 வோல்ட் சாமானுக்குத் தனி டியூபுலர் பேட்டரி (மெதுவா உறிஞ்சறதைத் தாங்கற வகை). ரெண்டுக்கும் நடுவுல 24ல இருந்து 12க்கு சார்ஜ் பண்ற டிசி சார்ஜர், 20 ஆம்பியர். வெறும் கன்வர்ட்டர் வேணாம். அது ஒரே வோல்ட்டைக் குடுத்துக்கிட்டு நிக்கும். சார்ஜர்னா 14.4 வரை ஏத்தி, நிறைஞ்சதும் 13.6க்கு இறக்கும். இஞ்சின் நின்னா தானா துண்டிக்கிற மாதிரி செட் பண்ணணும். 20 ஆம்பியர் 12 பக்கம் போச்சுன்னா 24 பக்கம் 11, 12 ஆம்பியர்தான் இழுக்கும், 35 ஆம்பியர் டைனமோ தாராளமா தாங்கும்.

காசிமேடு லாஞ்சு – ஏப்ரல் 23, காலை 7.10

தனி பேட்டரி எத்தனை ஏஹெச் போடணும்?

டைனமோ ராயபுரம் – ஏப்ரல் 24, இரவு 10.30

ராத்திரி மிதக்கிற 12 மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்க.

வயர்லெஸ் கேட்டுக்கிட்டு இருக்க 0.4 ஆம்பியர், 12 மணிக்கு 5 ஏஹெச். பேசறது எல்லாம் சேர்த்து கால் மணி நேரம்னா ஒண்ணரை. ஜிபிஎஸ், எக்கோ சேர்த்து 1.2 ஆம்பியர், 14. மாஸ்ட் லைட் எல்இடியா இருந்தா மொத்தம் 10 வாட், 10 ஏஹெச். கேபின் லைட் ஆறு மணி நேரம், 7. டெக்ல 30 வாட் ஃப்ளட் ரெண்டு, அஞ்சு மணி நேரம், 25. எட்டு போன் சார்ஜ், 12. ஃபேன் ரெண்டு, பத்து மணி நேரம், 20. கூட்டினா 95 ஏஹெச் கிட்ட வருது. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, அதனால 200 ஏஹெச் டியூபுலர் ஒண்ணு. உங்க ஓனர் சொன்ன 200தான், ஆனா வேற இடத்துல.

மாஸ்ட்ல இன்னும் பழைய 25 வாட் குண்டு பல்பு நாலு இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுக்கு மட்டும் ராத்திரிக்கு 100 ஏஹெச். மொத்தக் கணக்கும் இரட்டிக்கும். முதல் காசு பல்புக்குப் போகட்டும், பிறகுதான் பேட்டரி.

வயர்மேன் தண்டையார்பேட்டை – ஏப்ரல் 25, காலை 6.15

எல்இடி போடுங்க, ஆனா சோதிச்சுப் போடுங்க. மட்டமான எல்இடியோட டிரைவர் சர்க்யூட் வயர்லெஸ் அலைவரிசையில இரைச்சல் கிளப்பும். மாஸ்ட்ல ஆன்டெனா பக்கத்துலேயே லைட் இருக்கறதால தூரத்துப் பேச்சு மறைஞ்சு போகும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018லேயே இதுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு. சோதனை சுலபம்: எல்லா லைட்டையும் அணைங்க, யாரும் பேசாத சேனலுக்குப் போங்க, இரைச்சல் நிக்கிற வரைக்கும் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கற குமிழ்) திருப்பி அந்த விளிம்பிலேயே விடுங்க. இப்ப லைட்டை ஒண்ணு ஒண்ணா போடுங்க. எந்த லைட் போட்டதும் இரைச்சல் திரும்ப வருதோ அது படகுல இருக்கக் கூடாது.

எண்ணூர் ஃபைபர் – ஏப்ரல் 25, இரவு 8.00

ராத்திரி பேட்டரி இறங்கினா மாஸ்ட் லைட்டை அணைச்சுட்டு மிதக்கறாங்க சில பேர். நம்ம பக்கம் சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளின்னு மூணு துறைமுகத்துக்குக் கப்பல் வந்து போகுது. இழுவலை அல்லாத வலை போட்டு மிதந்தா மேலே சிவப்பு, கீழே வெள்ளை, சுத்திலும் தெரியணும். இழுவலைன்னா பச்சை மேலே, வெள்ளை கீழே. வலை 150 மீட்டருக்கு மேல நீண்டிருந்தா வலை இருக்கிற பக்கம் இன்னொரு வெள்ளை. எல்இடியில இது எல்லாமே சேர்ந்து ஒரு ஃபேன் அளவுகூட இழுக்காது. அணைக்கறதுன்னா ஃபேனை அணைங்க.

டைனமோ ராயபுரம் – ஏப்ரல் 26, இரவு 9.45

சரியா சொன்னீங்க தம்பி. அணைக்கிற வரிசையை வீல்ஹவுஸ்லயே எழுதி ஒட்டிடணும். சாமான் ஓடிக்கிட்டு இருக்கும்போது 12.1க்கு வந்தா டெக் ஃப்ளட், ஃபேன், போன் சார்ஜர் கட். 11.9க்கு வந்தா எக்கோவும் கட். வயர்லெஸ், மாஸ்ட் லைட், இஸ்ரோ உருவாக்கின டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கிற இடத்தைச் செயற்கைக்கோள் வழியா கரைக்குச் சொல்ற கருவி), இந்த மூணையும் கடைசி வரைக்கும் தொடக் கூடாது. மூணுக்கும் தனி ஃபியூஸ் பெட்டி, தனி சுவிட்ச். கையடக்க வயர்லெஸ் ஒண்ணு முழு சார்ஜோட ஈரம் படாத டப்பாவுல இருக்கட்டும்.

எதுவும் ஓடாம மூணு நாலு மணி நேரம் சும்மா இருந்த ஈயப் பேட்டரிக்கு ஏறக்குறைய: 12.7 ஃபுல், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். இஞ்சின் நிறுத்தின உடனே பாத்து 13.1 இருக்குன்னு நம்பாதீங்க, அது மேலோட்டமா நிக்கிற சார்ஜ், பத்து நிமிஷம் லைட் எரிஞ்சா இறங்கிடும்.

காசிமேடு லாஞ்சு – மே 2, இரவு 9.00

சார்ஜர் 20 ஆம்பியர், பேட்டரி பாதி காலின்னா அஞ்சு மணி நேரம் இஞ்சின் ஓடினா ஃபுல் ஆயிடும்ல?

டைனமோ ராயபுரம் – மே 2, இரவு 11.20

ஆகாது. பேட்டரி கெட்டுப் போறதே இந்தக் கணக்காலதான், அதனால விவரமா எழுதறேன்.

பாதியில இருந்து 80 சதவீதம் வரைக்கும் சார்ஜர் குடுக்கறதைப் பேட்டரி அப்படியே வாங்கிக்கும். 60 ஏஹெச், 20 ஆம்பியர், மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அங்கே 14.4 தொட்டுடும். அதுக்கப்புறம் வோல்ட் நிக்கும், ஆம்பியர் தானா இறங்கும்: 20, 12, 7, 4. கடைசி 20 சதவீதத்துக்கு நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். எவ்வளவு பெரிய டைனமோ போட்டாலும் அந்த நேரம் குறையாது, பேட்டரியோட ரசாயனம் அப்படி. இதுல குடுத்ததுல ஆறுல ஒரு பங்கு சூடாவும் வாயுவாவும் போயிடும்.

மிதவை வலைத் தொழில்ல இஞ்சின் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓடினா ஜாஸ்தி. தினமும் 80லயே நிறுத்தி, திரும்ப இறக்கி, திரும்ப 80. பத்து நாள்ல மேல் 20 சதவீதம் செத்த இடமாயிடும். அடுத்த தங்கல்ல உங்க 200, 160 மாதிரி நடந்துக்கும்.

கடைசி 20 சதவீதத்துக்கு வேண்டியது நிறைய ஆம்பியர் இல்ல, நிறைய நேரம். அதைத் தர்றது சோலார். காலைல இஞ்சின் 80க்குத் தூக்கிவிடட்டும், பகல் பூரா பேனல் கொஞ்சம் கொஞ்சமா மிச்சத்தை நிறைக்கட்டும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டி கிடையாது.

எண்ணூர் ஃபைபர் – மே 3, காலை 10.10

வீட்டு மாடிக்கு வர்ற 330 வாட் பேனல் ஒண்ணு வீல்ஹவுஸ் மேல போட்டா போதுமா? கன்ட்ரோலர் சும்மா சின்னது இருக்கு.

வயர்மேன் தண்டையார்பேட்டை – மே 3, இரவு 9.30

சின்னதுன்னா பிடபிள்யூஎம்மா? அதைப் போட்டா 330 வாட் வாங்கின காசுல பாதிக்கு மேல கடல்ல போட்ட மாதிரி. 72 செல் பேனல் 37 வோல்ட்ல 8.8 ஆம்பியர் குடுக்கும். பிடபிள்யூஎம் பேனலை நேரா பேட்டரியோட கோக்குது, வோல்ட் 13.5க்கு இறங்கிடும், ஆம்பியர் அதே 8.8. பெருக்கினா 119 வாட். எம்பிபிடி கன்ட்ரோலர் மிச்ச வோல்ட்டை ஆம்பியரா மாத்தும், உச்சி வெயில்ல 20 ஆம்பியர் கிட்ட வரும். 30 ஆம்பியர் எம்பிபிடி வாங்குங்க.

நல்ல வெயில் நாள்ல அஞ்சு மணி நேர முழு வெயில்னு கணக்கு வைங்க. உப்பு, சூடு, படகு ஆடறது எல்லாம் கழிச்சு 65 சதவீதம். 330 × 5 × 0.65 = 1,070 வாட் மணி, 80 ஏஹெச் வரும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை மேகத்துல இதை நம்பக் கூடாது, அப்ப இஞ்சின் நேரத்தைக் கூட்டித்தான் ஆகணும்.

பேனல் மேல வலையைக் காயப் போடறாங்க. வேணவே வேணாம். மாஸ்ட் நிழல் ஒரு கோடு விழுந்தாலே பேனல்ல மூணுல ஒரு பங்கு படுத்துடும். வலை மூடினா சுத்தமா போச்சு. உப்பு படிஞ்சா நல்ல தண்ணியால காலைல கழுவுங்க, வெயில் ஏறினப்புறம் சூடான கண்ணாடி மேல ஊத்தாதீங்க.

காசிமேடு லாஞ்சு – மே 9, மாலை 6.20

லித்தியம் போடச் சொல்றாங்க சில பேர். ஈ-ஆட்டோவுல இருந்து கழட்டின பேக் விலை கம்மியா வருது.

டைனமோ ராயபுரம் – மே 9, இரவு 10.50

ஆட்டோ பேக் 48 வோல்ட் கணக்குல கட்டினது. அதைப் பிரிச்சு நாலு செல் 12 வோல்ட்டுன்னு எடுக்கறது, இந்த இழை ஆரம்பிச்ச அதே நோய், தீப்பிடிக்கிற அபாயத்தோட சேர்த்து. தொடாதீங்க.

புதுசா 12.8 வோல்ட் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் வாங்கினா நல்ல பொருள்தான். 80 சதவீதம் இறக்கலாம், நிறையாம விட்டாலும் கெடாது, கடைசி 20க்குக் காத்திருக்கவே வேணாம். ஆனா டைனமோவை நேரா கோக்கக் கூடாது. ரெண்டு காரணம். அது காலியா இருந்தா டைனமோ குடுக்கற முழு ஆம்பியரையும் மணிக்கணக்கா இழுக்கும், இஞ்சின் ரூம் சூட்டுல டைனமோ காயில் வெந்துடும். அடுத்து, உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கற சர்க்யூட்) ஏதாவது காரணத்துக்கு சட்டுனு துண்டிச்சா டைனமோவுல வோல்ட் எகிறி டயோடு போயிடும், கூட இருக்கிற ஜிபிஎஸ்ஸும் போகலாம். நடுவுல டிசி சார்ஜர் இருந்தா ரெண்டும் வராது. அதனால இப்ப டியூபுலர் போட்டாலும் சார்ஜரை லித்தியம் செட்டிங் இருக்கறதா பாத்து வாங்குங்க. லித்தியத்துல எவ்வளவு மிச்சம்னு பாக்க வோல்ட் மீட்டரை நம்ப முடியாது, பாதியிலயும் 13.2தான் காட்டும். ஷன்ட் (ஓடற கரண்டை அளக்க உதவற துண்டு) வச்ச ஏஹெச் மீட்டர் வேணும்.

எண்ணூர் ஃபைபர் – மே 10, காலை 7.00

டைனமோ டயோடு பத்தி வந்ததால ஒண்ணு. பேட்டரி மெயின் சுவிட்சை இஞ்சின் ஓடும்போது திருப்பினாலும் அதே கதிதான். 1, 2, ரெண்டும்னு திருகற சுவிட்ச் சிலது ஆஃப் வழியாத்தான் போகும். ஒரு நொடி போதும்.

டைனமோ ராயபுரம் – மே 10, இரவு 9.00

ஆமா. டயோடு ஒண்ணு போச்சான்னு பாக்க: இஞ்சின் நிறுத்தி நாலு மணி நேரம் கழிச்சு, சுத்தி இருக்கிற இரும்பெல்லாம் ஆறினப்புறம், டைனமோ உடம்பைத் தொட்டுப் பாருங்க. அது மட்டும் வெதுவெதுன்னு இருந்தா பேட்டரியில இருந்து டயோடு வழியா திரும்பக் கசியுது. சார்ஜ் ஆகும்போது வயர்லெஸ்ல இஞ்சின் வேகத்தோட ஏறி இறங்கற விசில் சத்தம் கேட்டாலும் சந்தேகப்படுங்க. பெல்ட்டை நடுவுல கட்டை விரலால அழுத்தினா அரை இஞ்ச் தாழணும், அதுக்கு மேல போனா வழுக்கும். பக்கத்துல கருப்புத் தூள் கிடந்தா வழுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

வயர்மேன் தண்டையார்பேட்டை – மே 17, இரவு 8.30

இந்த வெயில்ல படகுல சும்மா கிடக்கிற பேட்டரிக்கு ரெண்டு வார்த்தை. தடைக்காலம் 61 நாள். சூடு ஏற ஏற பேட்டரி தானா இறங்கறது அதிகமாகும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. நெகட்டிவைக் கழட்டிடுங்க, மாசம் ஒரு தடவை முழுசா சார்ஜ் போடுங்க.

ஆசிட் அடர்த்தி பாக்கற மீட்டர்ல டியூபுலருக்கு ஃபுல் 1.240, 27 டிகிரியில. இப்ப ஆசிட் சூடு 40 இருக்கும். டிகிரிக்கு 0.0007 கூட்டணும், 13 டிகிரிக்கு 0.009. அதனால 1.231 காட்டினாலே ஃபுல்தான், 1.240 வர்ற வரைக்கும் சார்ஜ் போட்டு வேக விடாதீங்க. ஆறு செல்லுக்கும் தனித்தனியா பாருங்க. ஒரு செல் மட்டும் மத்ததை விட 0.030 கம்மின்னா அது போற வழியில இருக்கு.

தண்ணி டிஸ்டில் வாட்டர் மட்டும். கேன் தண்ணி, ஏசியில சொட்டற தண்ணி ரெண்டும் வேணாம். ஏசி தண்ணியில செம்பு, அலுமினியம் கரைஞ்சிருக்கும். தகடு வெளியே தெரிஞ்சா மூடற அளவு ஊத்திட்டு சார்ஜ் போடுங்க, மிச்சத்தை சார்ஜ் முடிஞ்சப்புறம் ஊத்துங்க. முன்னாடியே ரொப்பினா கொதிக்கும்போது ஆசிட் வழியும்.

டெர்மினல்ல பூத்திருந்தா மூடியெல்லாம் இறுக்கிட்டு, சமையல் சோடா கரைச்ச தண்ணியை ஊத்தி நுரை அடங்கினதும் கழுவுங்க. லக் (ஒயர் முனை வளையம்) மாட்டி முறுக்கினப்புறம்தான் வாஸ்லின். முதல்ல தடவிட்டு மாட்டாதீங்க.

டைனமோ ராயபுரம் – மே 18, காலை 6.50

பேட்டரியை எங்கே வைக்கறதுன்னு யாரும் பேசல. பில்ஜுக்கு (படகு அடியில தண்ணி தேங்கற இடம்) பக்கத்துல வைக்காதீங்க. கடல் தண்ணி ஏறி செல்லுக்குள்ள போனா குளோரின் வாயு வரும், மூடின ரூம்ல அது ஆளைச் சாய்ச்சுடும். இஞ்சின் பக்கத்திலயும் வேணாம், 45 டிகிரியில 14.4 ஏத்தறது ஜாஸ்தி, 13.9 போதும். சார்ஜர்ல சூடு பாக்கற ஒயர் இருந்தா அதைப் பேட்டரி மேல ஒட்டுங்க, தானா குறைச்சுக்கும். ஃபைபர் தட்டு, ரெண்டு பட்டி போட்டு இறுக்கம், மேலே காத்துப் போற துளை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் மேலேதான் சேரும், பக்கத்துல அடுப்போ பீடியோ கூடாது.

இரும்பு லாஞ்சுன்னா உடம்பையே நெகட்டிவா பயன்படுத்தற பழக்கம் இருக்கு. விட்டுடுங்க. கசியற கரண்ட் ப்ரொப்பல்லரையும் தகட்டையும் தின்னும். ஒவ்வொரு சாமானுக்கும் ரெண்டு ஒயர் போய் வரட்டும்.

காசிமேடு லாஞ்சு – ஜூன் 6, இரவு 8.15

டியூபுலர் 200, டிசி சார்ஜர், எம்பிபிடி எல்லாம் வந்தாச்சு. மாஸ்ட்ல குண்டு பல்பு மூணு இருந்துச்சு, மாத்திட்டோம். புது எல்இடியில ஒண்ணு வயர்லெஸ்ல இரைச்சல் போட்டதால திருப்பிக் குடுத்தோம். ஃபியூஸ் மட்டும் பாக்கி. எத்தனை ஆம்பியர், எங்கே?

வயர்மேன் தண்டையார்பேட்டை – ஜூன் 6, இரவு 10.05

ஃபியூஸ் காப்பாத்தறது ஒயரை. அதனால ஒயர் எங்கே ஆரம்பிக்குதோ அங்கே, பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள. 35 ஸ்கொயர் மெயின் ஒயர்னா 100 ஆம்பியர். வீல்ஹவுஸ் போர்டுக்கு 6 ஸ்கொயர், 30 ஆம்பியர். போர்டுல இருந்து வயர்லெஸ்ஸுக்கு 10, ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் 3 ஆளுக்கு ஒண்ணு, மாஸ்ட் லைட் 5, டெக் ஃப்ளட் 10.

டிசி சார்ஜருக்கு ரெண்டு பக்கமும் ஃபியூஸ் வேணும், ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கறதால. 24 பக்கம் 20, 12 பக்கம் 30. எம்பிபிடியில இருந்து பேட்டரிக்கு 30. எம்பிபிடிக்கு முதல்ல பேட்டரி ஒயரை மாட்டுங்க, பிறகு பேனல். கழட்டும்போது தலைகீழ், பேனல் முதல்ல. ஒவ்வொரு அளவுலயும் அஞ்சு ஃபியூஸ் உபரியா டப்பாவுல போட்டு போர்டுக்குள்ளயே வைங்க. ஊதினா காரணம் தேடாம பெரிய ஃபியூஸ் போடக் கூடாதுன்னு டிரைவர்கிட்ட சொல்லிடுங்க.